பன்னிரண்டாவது மீன்

பாப்பா, தம்பி, நேற்று டைல்ஸ் கடையிலிருந்து வீடு வந்து சேருகிற வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் வேனில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரர் பாத்ரூம் தரைக்கு என்று விரித்துக் காட்டினாரே, நீலக் கடலும் டால்பினும், அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. குனிந்து ஈரக்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். "அப்பாவுக்கு டேஸ்ட்டே இல்லம்மா" என்று பாப்பா சொன்னதும் காதில் விழுந்தது. கோபம் இல்லை. உன் வயதில் நானும் இதே டைல்ஸ் விஷயத்துக்காக என் அம்மாவோடு எட்டு நாள் பேசாமல் இருந்தவன்தான். அதை வாயால் சொல்ல உட்கார்ந்தால் நடுவில் ஒரு போன் வரும், விட்ட இடம் மறந்துபோகும். அதனால் எழுதி வைக்கிறேன். கோபம் தீர்ந்த பிறகு படியுங்கள், அவசரம் இல்லை.

அழகர்கோவில் ரோட்டில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வீடு. ரோட்டோரத்தில் புளியமரத்தடியில் அப்பாவின் சைக்கிள் கடை. எங்கள் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கிக் கூலி வேலை பார்த்தவர்கள். முதன்முதலாக நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்த ஆள் அப்பாதான் என்று அம்மா கேலியாகச் சொல்லுவாள். கேலியில் பெருமையும் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடம். மூன்று பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் சாக்குப் படுதா, நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கருங்கல் பலகை. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா செங்கல்தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து அந்தக் கல்லைத் தேய்ப்பாள். ஒரு பொட்டுப் பாசி இருக்காது. அப்படியும் நான் அதன்மேல் ஓடினால் அடி விழும். மற்றபடி என்னை அடிக்காதவள் அந்தக் கல்லின் மேல் ஓடினால் மட்டும் அடிப்பாள். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயது. அக்காவுக்கு இருபது. எங்களுக்கு நடுவில் பன்னிரண்டு வருஷம். அதுவும் எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான் என்று நினைத்திருந்தேன். அக்காவை டி. கல்லுப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த வருஷம் அக்கா மாசமாக இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவர வேண்டும். அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று ஆள் வந்து சொல்ல, அம்மா முன்னாடியே புறப்பட்டுப்போய் எட்டு நாள் அங்கே இருந்தாள்.

அந்த எட்டு நாளில்தான் அப்பா யாரிடமும் சொல்லாமல் குளிக்கிற இடத்தைக் கட்ட ஆரம்பித்தார். சுவர் எழும்பி, மேலே சிமெண்ட் ஓடு ஏறி, கதவும் மாட்டியாயிற்று. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு வீடாக மாறிக்கொண்டிருந்தது. டைல்ஸ் போட மதுரை டவுனுக்குள்ளிருந்து பாய் ஒருவர் மொபெட்டில் வந்தார். காதில் பென்சில், தோளில் ஈரத் துண்டு. அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது, பாய்தான்.

வந்த அன்றைக்கே கருங்கல்லைப் பெயர்த்து வெளியே போட்டார்கள். பாய் அதைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கல்லுண்ணே. கெணத்தடியில போட்டா துணி தொவைக்க ஆகும்."

"வேணாம் பாய்."

"அப்ப எனக்குக் குடுங்க. எங்க வீட்டம்மா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கா."

"ஒருத்தர் வீட்டுக்கும் வேணாம்," என்றார் அப்பா.

சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தூக்கி அதன் நடுவில் போட்டார். நாலு போடு. கல் மூன்றாகப் பிளந்தது. மூன்று துண்டையும் தள்ளுவண்டியில் ஏற்றி, தனியாகத் தள்ளிக்கொண்டுபோய்க் கண்மாய்க்குள் கவிழ்த்துவிட்டு வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. பாய் என் பக்கம் குனிந்து, "ஒங்கப்பாவுக்கும் அந்தக் கல்லுக்கும் என்னடா சண்டை?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. காலையில் எழுந்து பின்பக்கம் போனால், முற்றத்தில் ஒரு நீல டிரம் நிறையத் தண்ணீர், அதற்குள் மீன்கள்.

இப்போது நினைத்தாலும் அது கனவா நிஜமா என்று ஒரு நிமிஷம் ஆகிறது எனக்கு. தண்ணீருக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி, ஆரஞ்சு நிறத்தில் வால் விரித்த மீன்கள். வெயில் புளியமரத்து இலைக்குள் புகுந்து வந்து தண்ணீரில் விழுந்து உடைந்து உடைந்து ஆடுகிறது. மீன்களும் ஆடின. ஒரு மீன் வாயைத் திறந்து மூடியது. சத்தியமாகப் பார்த்தேன். கையை உள்ளே விட்டுத் தொட்டால் வழுவழு என்று குளிர்ந்துபோய் இருந்தது. எங்கள் கண்மாயில் நான் பார்த்ததெல்லாம் மண்ணைப் பூசிக்கொண்ட கெளுத்திதான். இப்படி ஒரு மீன் உலகத்தில் இருக்கிறது என்றே அன்றைக்குத்தான் தெரியும்.

"போடுறதுக்கு முன்னாடி ஊறணும் தம்பி," என்றார் பாய். "இல்லாட்டி கலவையில இருக்குற தண்ணிய பூரா டைல்ஸே குடிச்சிரும். அப்புறம் சுவத்துல ஒட்டாது."

"சுவத்துலயா போடப் போறீக?"

"ஆமா, நெஞ்சு ஒசரத்துக்கு. சுத்தி நீலம், நடுவுல நடுவுல மீனு. ஜோரா இருக்கும்."

"மீனு சுவத்துல ஏறுமா பாய்?"

பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இங்க வாங்க. ஒங்க மகன் கேக்குற கேள்விக்கு நீங்களே பதிலச் சொல்லுங்க."

அப்பா வந்தார். நான் மறுபடியும் கேட்டேன். தண்ணீர் விழுவது தரையில், மீனை மட்டும் ஏன் சுவரில் மாட்ட வேண்டும், அது மூச்சு முட்டிச் செத்துப்போகாதா என்று. அப்பா என்னைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், அந்தக் கல் கிடந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அப்பா அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை.

"தரையிலயே போட்ரு பாய்."

"சுவத்து டைல்ஸ்ணே இது. கால் படப் படத் தாங்காது, விண்டுரும்."

"அடியில கலவையக் கெட்டியாப் போடு. எம்மகன் இம்புட்டு நாள்ல எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

பாய்க்கு உடைந்துவிடுமே என்கிற கவலை மட்டும்தான். கலவையைத் தட்டித் தட்டி, அடியில் துளி இடம் வெறுமையாக இல்லாமல் நிரப்பினார். தரைக்கு என்று வாங்கிய சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ் சுவரில் ஏறியது. சுவருக்கு வாங்கிய நீலமும் மீன்களும் தரைக்கு இறங்கின. மொத்தம் பன்னிரண்டு மீன். எந்த மீன் எங்கே என்று நான்தான் சொன்னேன். குளத்தில் மீன் வரிசையாகவா நிற்கும்? அங்கொன்று இங்கொன்று. ஒன்றே ஒன்று மட்டும் கூச்சப்பட்ட மாதிரி உள்மூலையில். தலையெல்லாம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும், அம்மா உள்ளே நுழைந்ததும் அவை அம்மாவைப் பார்க்க வேண்டும்.

"என்ன மேஸ்திரி, இது சரியா இருக்கா?" என்று ஒவ்வொன்றுக்கும் பாய் என்னைக் கேட்டார். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கலவைக்கட்டியைச் சுரண்டுவதற்கு ஒரு சாணைக்கல்லையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்று நாளும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். சாயங்கால வெயில் கதவு வழியாக உள்ளே படுத்துக்கொள்ளும். காய்ந்த தரை தண்ணீர் மாதிரியே மின்னும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் தரை எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்விடும். நானும் உள்ளே இறங்கி, மீன்களுக்கு நடுவில் கையைக் காலை ஆட்டாமல் மிதந்துகொண்டிருப்பேன். அப்பா கடையிலிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்று அவரும் பார்ப்பார். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நடந்து பார்த்தார். காய்ந்த தரை, ஒன்றும் ஆகவில்லை.

நாலாம் நாள் அம்மா வந்தாள். அவள் கையிலிருந்த பையை அப்பா வாங்கிக்கொண்டு, "பின்னாடி போய்ப் பாரு புள்ள" என்றார். நான் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதை நான் மறக்கவில்லை. அப்புறம் சொம்பில் தண்ணீர் எடுத்துத் தரையில் ஊற்றினாள். மீன்களுக்குத் தண்ணீர் காட்டுகிறாள் என்று எனக்குச் சந்தோஷம். தண்ணீர் பரவியதும் பன்னிரண்டு மீனும் உயிர் வந்து நெளிந்தன. அம்மா வலதுகாலை எடுத்து வைத்தாள். கால் ஒரு சாண் தானாக முன்னால் போயிற்று. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போய் இருந்தது.

"தரையில யாரு போடச் சொன்னது?" என்று கேட்டாள்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "நாந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். என் தலையில் கையை வைத்து, "நல்லாருக்குய்யா" என்றாள். அம்புட்டுத்தான். அன்றைக்கு ராத்திரி அப்பாவும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்த தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பின்பக்கம் சரக் சரக் என்று சத்தம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, பாய் விட்டுப்போன சாணைக்கல்லால் என் மீனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அப்பா டியூபைச் சுரண்டுகிற உப்புத்தாள் தேய்ந்துபோய்க் கிடந்தது. அதால் முதலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அது பலிக்காமல்தான் கல்லை எடுத்திருக்கிறாள். வாசல் பக்கத்து மீனுக்குக் கண்ணும் வாயும் போய்விட்டன. பளபளப்புப் போன இடத்தில் உள்ளே செம்மண் நிறம் தெரிந்தது. நீலத் தண்ணீருக்கு அடியிலும் எங்கள் கண்மாய் மண்ணேதான் இருந்திருக்கிறது.

"அது எம் மீனு," என்றேன்.

அம்மா நிமிரவில்லை. "மீனு எங்கயும் போகாதுய்யா. நீ போய்க் காப்பியக் குடி."

நான் கத்தினேன், அழுதேன், கடைக்கு ஓடி அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அப்பா வந்ததும் அம்மாவுக்கு விழப்போகிற வசவைக் கேட்பதற்காக ஒரு ஓரமாக நின்றுகொண்டேன். அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். கைலியை மடித்துக் கட்டினார். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடு."

"நீங்க கடையப் பாருங்க."

"குடு புள்ள. கை கொப்பளிச்சிருக்கு பாரு. நான் உள்மூலையில இருந்து ஆரம்பிக்கிறேன்."

அம்மா ஒரு நிமிஷம் நிறுத்தினாள். "அந்த மூலைய விட்ருங்க," என்றாள். "அங்கன டிரம் இருக்கப் போகுது. யாரு போய் மிதிக்கப் போறா."

இரண்டு பேருமே என் கட்சி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்று மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. ஒருத்தர் தேய்க்க, ஒருத்தர் தண்ணீர் ஊற்றி உள்ளங்காலால் தடவிப் பார்ப்பார்கள். போதாது என்றால் மறுபடியும். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். குளிக்கப் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போனேன். சோறு வேண்டும் என்றால் தட்டை நகர்த்தி வைப்பேன். அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. தட்டை நகர்த்தினால் சோறு போட்டாள்.

எட்டாம் நாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுபோய், வளைகாப்பு முடித்து அக்காவைக் கூட்டிவந்தார்கள். கை நிறைய வளையல், காரை விட்டு இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் இறங்காததுமாக நான் முறையிட்டேன்.

"அக்கா, அம்மா எம் மீனையெல்லாம் கொன்னுருச்சு."

"ஆத்தீ, கொழம்பு வச்சிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே என்னோடு பின்பக்கம் வந்தாள்.

உள்ளே போனாள். சொரசொரப்பான சுவரில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. முகம் அழிந்த மீன்களைப் பார்த்தாள். சொம்புத் தண்ணீரை ஊற்றி, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். அடுத்த காலையும் வைத்தாள். அப்படியே ரொம்ப நேரம் நின்றாள். திரும்பியபோது அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் அம்மா வந்து நின்றிருந்தாள். அக்கா அம்மாவின் கையை எடுத்து, கொப்புளம் உடைந்திருந்த உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அக்கா மீனுக்காகத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன். வீட்டில் ஒரு ஆளாவது என் கட்சியில் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் "தண்ணி குடு" என்று வாய்திறந்து கேட்டேன்.

இரண்டு மாதம் அந்தத் தரையில்தான் அக்கா நின்று குளித்தாள். சுகப்பிரசவம். அன்றைக்குப் பிறந்தவள்தான் உங்கள் அத்தை மகள், தீபாவளிக்குத் தீபாவளி உங்களுக்கு டிரெஸ் எடுத்து அனுப்புகிறவள்.

குழந்தை பிறந்து கொஞ்சநாள் கழித்து, குளிக்கும்போது சோப்பு நழுவி டிரம்முக்குப் பின்னால் போயிற்று. எடுக்கக் குனிந்தேன். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், அரை இருட்டில், ஒரு மீன் முழுசாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண், வாய், விரித்த வால் எல்லாம் அப்படியே. தேய்த்துத் தேய்த்துச் சலித்துப்போய் இந்த மூலையை விட்டுவிட்டார்கள், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொன்னால் இதையும் தேய்த்துவிடுவார்களே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் குளிக்கும்போது கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

வருஷங்கள் போயின. அப்பாவும் போய்ச் சேர்ந்தார், அம்மா அக்கா வீட்டோடு போய்விட்டாள். பாப்பா, நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோது, நாங்கள் கோச்சடையில் இந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தோம். என் அம்மாவும் அக்காவும் பார்க்க வந்தார்கள். அம்மா வந்ததும் வராததுமாகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் பாத்ரூமுக்குப் போய், ஒரு மக் தண்ணீரை ஊற்றிக் காலால் தேய்த்துப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். "பாருக்கா, மருமகளப் பாக்க வந்துச்சா, பாத்ரூமப் பாக்க வந்துச்சா" என்றேன்.

அக்கா என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"சிரிக்காதடா," என்றாள். "நமக்கு நடுவுல ஒருத்தன் இருந்தான். அம்மாவுக்கு ஏழாம் மாசம். அந்தக் கருங்கல்லுல வழுக்கி விழுந்துருச்சு. நான் மூணாப்பு படிச்சேன் அப்ப. படுதாவுக்கு வெளிய நிண்டேன். நாந்தேன் கடைக்கு ஓடிப்போய் அப்பாவக் கூட்டியாந்தேன்."

"எங்கிட்ட ஏன்க்கா ஒருத்தரும் சொல்லல?" என்றேன்.

"மீனத் தரையில போடச் சொன்னது நீயில்ல? ஒங்கிட்டச் சொன்னா, அக்காவுக்கு என்னமும் ஆயிருக்குமோன்னு நீ பயந்து கெடப்ப. 'சின்னப்பய, எம்மேல கோவமாவே இருந்துட்டுப் போகட்டும்'னுச்சு அம்மா."

அப்பா கல்லைத்தான் குற்றவாளி என்று நினைத்திருக்கிறார். அதை உடைத்துக் கண்மாயில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மீன் நீந்துகிறதைப் பார்த்து மூன்று நாள் சந்தோஷமாக இருந்திருக்கிறார். இதெல்லாம் மாடிப்படியில் நின்றபடியே எனக்குப் புரிந்தது. டிரம்முக்குப் பின்னால் ஒரு மீனை மட்டும் அம்மா ஏன் விட்டுவைத்தாள் என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை. அது கேட்காமலே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் என் ஸ்கூல் வேன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, காலி வேனை அழகர்கோவில் ரோட்டில் திருப்பினேன். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பின்பக்கம் போனேன். டிரம்மில் தண்ணீர் இல்லை, ஒரு கையால் தள்ளினாலே நகர்ந்தது. மூலையில் தூசியும் நூலாம்படையும். உள்ளங்கையால் துடைத்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று ஊற்றினேன். முகம் இல்லாத பதினொரு மீன்களும் என் காலை இறுகப் பிடித்துக்கொண்டன. மூலையில் இருந்தது மெல்ல வாலை அசைத்தது. தண்ணீர் அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் டிரம்மைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தேன், சுவரோடு ஒட்டாமல், கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்க்கிற ஒரு எட்டு வயதுப் பையனுக்கு எம்புட்டு இடம் வேண்டுமோ அம்புட்டு விட்டு.